கைராசி நத்தை

நத்தை விஷத்தில் வலி மருந்து இருப்பதாக ஆராய்ச்சிப் படகில் யாரோ பேசியது கடலடியில் கேட்டுவிட்டது. விஷ நத்தை அன்றே வைத்தியத்தில் இறங்கியது.

பல்வலியோடு வந்த கிளிமீனைத் தன் விஷ ஊசியால் ஒரு குத்து குத்தியது. மீன் அப்படியே விறைத்தது.

"இப்ப வலிக்குதா?"

பதில் இல்லை.

"பார்த்தீங்களா! அட்மிட் பண்ணிக்கிறேன்" என்று நத்தை அதை விழுங்கியது.

கையே இல்லாத நத்தைக்குக் கைராசி டாக்டர் என்று பெயர் பரவியது. வாசலில் ஒரே கூட்டம்.

முதுகுவலிக் கெளுத்தி மட்டும் கேட்டது: "டாக்டர், உங்ககிட்ட வந்தவங்க யாரையும் அப்புறம் காணோமே?"

"வலி இருந்தாத்தானே திரும்பி வருவாங்க?"

கெளுத்தி யோசித்தது. அதற்குள் பின்னால் நின்ற மத்தி முந்தப் பார்த்தது.

"ஏய், நான்தான் முதல்ல வந்தேன்!" என்று கெளுத்தி பாய்ந்துபோய் முதுகைக் கொடுத்தது.