மீசைக்கு வைத்த பீரங்கி

செல்போனில் கோட்டை கட்டும் விளையாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருக்கும் என் மச்சினன் பால்ச்சாமி சவால் விட்டான். அவன் படை என் கஜானாவைப் பிடித்தால் நான் மீசையை மழிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அவன் மழிக்க வேண்டும். என்னுடையது அய்யனாருக்கே இல்லாத மீசை. விடுவேனா?

பீரங்கிகளை நிறுத்தும்போது என் பெண்டாட்டி வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“அம்புட்டுப் பீரங்கியையும் நடுவுல, கஜானாவைச் சுத்தி வையுங்க. ஓரத்துல வச்சா ஒவ்வொண்ணா நொறுக்கிட்டு வந்துருவான்.”

எதிராளிக்குக் கூடப்பிறந்த அக்கா எனக்கு யோசனை சொல்கிறாளாம்!

“ஏட்டி, தம்பிக்காக என்னைக் கவுக்கப் பாக்கியா? போய் உலையைப் பாரு.”

எல்லாப் பீரங்கியையும் மதில் ஓரத்திலேயே நிறுத்தினேன். பால்ச்சாமி ஒரு மூலையில் நுழைந்து ஒவ்வொன்றாக நொறுக்கினான். நடுவில் கஜானா கேட்க நாதியில்லாமல் கிடந்தது. மூன்றே நிமிஷத்தில் பிடித்துவிட்டான்.

அடுப்படியில் வெள்ளத்தாய் போனில் தம்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஓரத்துலதான் வைப்பாவன்னு நான் முன்னாடியே சொல்லலையாலே? அதுக்குத்தானே நடுவுல வைக்கச் சொன்னேன்! நாப்பது வருஷமா மோரை வடிகட்டுற மீசைலே அது. வேற எப்படி எடுக்கச் சொல்லுத?”