பம்புச் சத்தம்

“கேக்குதா மீனா?”

“என்னங்க கேக்குது?”

“பம்புதான். ‘ஙொய்’னு ஓடுது பாரு.”

மீனா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் குனிந்து கேட்டாள். ரெக்கார்டிங்குக்காக மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். வேர்த்து வழிந்ததே தவிர, காதில் ஒன்றும் விழவில்லை.

“ஒண்ணும் கேக்கலையே!”

“உனக்குக் குக்கர் விசிலே கேக்காது” என்றான் சோலை எரிச்சலாக.

‘ஒரு சேலை வாங்கினால் இன்னொரு சேலை இலவசம்’ என்று காளவாசல் பக்கம் ஆட்டோவில் முழங்கும் குரல் சோலையுடையதுதான். கடைகளுக்கு விளம்பர ஆடியோ தயாரிப்பது அவன் தொழில். வாயும் காதும்தான் வீட்டுக்குச் சோறு போடுகின்றன. இப்போது கதைகளை ஒலிப்புத்தகமாக வெளியிடும் சென்னைக் கம்பெனி ஒன்று, மாதிரிக்கு ஒரு கதை வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. ஆனால் பின்னணியில் துளி இரைச்சல்கூட இருக்கக் கூடாதாம். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

அவனுடைய கம்ப்யூட்டர் ஃபேனோ, மிக்ஸியில் கல்லைப் போட்ட மாதிரி கத்தும். அதைக் கழற்றிவிட்டு லிக்விட் கூலர் மாட்டச் சொன்னது, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பன் விருமாண்டி.

“நாலு ஸ்க்ரூவை முடுக்குனா முடிஞ்சிச்சு மாப்ள. தண்ணியை உள்ளயே அடைச்சுத்தான் குடுக்குறாய்ங்க. ஒரு குட்டிப் பம்பு அதைச் சுத்திச் சுத்தி ஓடவிட்டு, சூட்டை இழுத்துரும். நீ ஒண்ணும் ஊத்த வேணாம்.”

சொன்ன மாதிரியே சுலபமாக மாட்டியாயிற்று. மிக்ஸிச் சத்தம் நின்றது. மீனா அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சோலைக்குத்தான் நிம்மதி இல்லை. பெரிய சத்தம் போனதும், அதற்கு அடியில் பதுங்கியிருந்த இந்தச் சின்னச் சத்தம் வெளியே வந்துவிட்டது.

மறுபடி விருமாண்டிக்குப் போன் போட்டான்.

“பம்புக்குள்ள காத்து மாட்டியிருக்கும் மாப்ள. பெட்டியைச் சாய்ச்சு லேசா ஆட்டு, போயிரும்.”

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தார்கள். ஆட்டினார்கள். தட்டியும் பார்த்தார்கள்.

“இப்ப எப்படி இருக்கு?” என்றாள் மீனா.

“அப்படியேதான் இருக்கு.”

“எனக்குத்தான் முதல்லயே இல்லையே!”

சோலை நாலு வரி வாசித்துப் பதிவு செய்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான்.

“உங்க குரல் மட்டும்தான் இருக்கு. சுத்தமா இருக்குங்க.”

வெடுக்கென்று பிடுங்கி, தானே மாட்டிக் கேட்டான். “நல்லாப் பாரு, வார்த்தைக்கு வார்த்தை நடுவுல ஓடுதே!”

பதிவை விருமாண்டிக்கும் அனுப்பினான். ‘சூப்பர் மாப்ள’ என்று பதில் வந்தது.

“வித்தவன் வேற என்ன சொல்லுவான்?” என்று போனைத் தூக்கிப் போட்டான்.

மீனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவேளை தன் காதுதான் மந்தமோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

“பேசாம அனுப்பிருங்க. நேரமாச்சு.”

“இம்புட்டு இரைச்சலோட அனுப்புனா, முதல் வரியிலேயே தூக்கி எறிஞ்சிருவாய்ங்க. நான் காலம் பூரா ‘ஒண்ணு வாங்குனா ஒண்ணு’ன்னு கத்திக்கிட்டே கெடக்கணும்.” குரல் உடைந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

திடீரென்று அவன் மண்டி போட்டு, கண்ணை மூடி, பெட்டியோடு காதை ஒட்டிவைத்தான்.

“பேசாத. எங்க இருந்து வருதுன்னு இன்னைக்குக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்.”

மீனாவுக்குப் பாவமாக இருந்தது. மனுஷன் கொஞ்ச நேரமாவது அந்தச் சத்தத் தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று, சுவரில் இருந்த பிளக்கை ஓசைப்படாமல் உருவினாள். திரை இருண்டது. பெட்டி முழுதாக அடங்கியது.

கண்ணைத் திறக்காமலே சோலை பரபரப்பாகக் கையை உயர்த்தினான்.

“அசையாத மீனா! இப்பத்தான் நல்லாத் தெளிவாக் கேக்குது!”