தொட்டி வாசலில் பூஜ்ஜியம்

வெயிலில் காயும் இரும்புத் தொட்டியின் வட்டத் திறப்பருகே அக்கா நிற்கிறாள். உள்ளே தம்பி பெயிண்ட் அடிக்கும் தூரிகைச் சத்தம் கேட்கிறது. அவள் கையில், ஆய்வகத்தில் அவளே செய்த, பெயிண்டில் கலக்கும் தின்னரின் நச்சு ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவி. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நுண்கம்பிகள் படர்ந்த நகமளவு சில்லுதான் அதன் மூக்கு. திரையில் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தை நம்பித்தான் மேஸ்திரி காற்றடிக்கும் விசிறிகூட இல்லாமல், இடுப்பில் கயிறு மட்டும் கட்டி அவனை உள்ளே இறக்கினார். வெயிலில் திரையைப் பார்க்கக் கண் கூசுகிறது. நிழல் தேடி வேலியோரம் நகர்கிறாள். அங்கே வீசும் நல்ல காற்றில் எண் இறங்குகிறது. மைனஸ் பத்து. மைனஸ் நாற்பது. கருவி இரவெல்லாம் பெயிண்ட் கிடங்கில் கிடந்து ஆவியைக் குடித்திருக்கிறது. காலையில் அங்கேயே வைத்துப் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தியவள் அவள்தான். நஞ்சையே சுத்தக் காற்று என்று அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

“அண்ணே, அவனை வெளிய இழுங்க. இது பொய் சொல்லுது.”

“நீ பெத்த பிள்ளையை நீயே பொய்யன்னு சொல்றியேம்மா,” என்கிறார் மேஸ்திரி, கருவியைப் பார்த்து டீயை உறிஞ்சியபடி.

அவள் ஓடிவந்து திறப்பில் மண்டியிடுகிறாள். “டேய், ஏறி வாடா.”

“அக்கா, செவுரெல்லாம் ஆடுதுக்கா. நல்லா இருக்கு,” என்று உள்ளிருந்து நீளமாகச் சிரிக்கிறான், வேலை நேரத்தில் பல்லைக் காட்டாதவன். மேஸ்திரி டீயைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். இருவரும் அவன் இடுப்புக் கயிற்றை இழுக்கிறார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. கயிறு ஒரு முழம் வருகிறது, பிறகு மூட்டையாகக் கனக்கிறது.