காலியாக இருந்த கப்பல்

ஷார்மைன் தன் சிவப்பு ஆளைக் கப்பலில் வைக்கவில்லை.

ஷான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் மீன் பிடிக்கும் துறையில் ஆளை வைத்துவிட்டு, டீயை எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

பலகை விளையாட்டின் சுண்டுவிரல் உயர மர ஆட்கள்தான். வைக்கிங் வீரர்களாம். காட்டுக்கு அனுப்பினால் மரம் கிடைக்கும், பட்டறைக்கு அனுப்பினால் வாள், கப்பலில் ஏற்றினால் கடல் தாண்டிக் கொள்ளை. ஓர் இடத்தில் ஒருவர் ஆளை உட்கார வைத்துவிட்டால், அந்தச் சுற்று முடியும்வரை வேறு யாரும் அங்கே நுழைய முடியாது. விளையாட்டின் உயிரே அந்தச் சட்டத்தில்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் குரு, வாணி தம்பதியின் மாடி வீட்டில், பல வருஷமாக ஞாயிறு மதியம் இந்த நாலு பேரும் கூடுவார்கள். ஷானுக்கு எப்போதும் கப்பல்தான் வேண்டும். அது தெரிந்தே ஷார்மைன் முதல் ஆளைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைப்பாள். அவளுக்குக் கப்பலால் காலணா லாபம் இருக்காது. புருஷன் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்துக்கொண்டே சிரிப்பாள். உங்கள் சண்டைக்கு வைக்கிங் எதற்கு, வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கூடாதா என்று வாணி வாராவாரம் கேட்பாள்.

வீட்டில் இப்போது சண்டையே இல்லை. அதுதான் கோளாறு.

குழந்தைகள் இல்லத்தில் தத்தெடுக்கக் கேட்டிருந்த பெண் குழந்தை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த மாசம் பார்க்கலாம்லா, அடுத்த மாசம் பார்க்கலாம்லா என்று இழுத்தவன் ஷான்தான். ஷார்மைன் திட்டவில்லை. அந்தக் குழந்தைக்காக வாங்கிய கொசுவலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சர்ச் ஃபாதரிடம் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். ஃபாதர் மட்டும்தான் பேசினார்.

இன்று சுங்கை வே வீட்டிலிருந்து வரும் வழியில், காருக்குள் ஒரே ஒரு பேச்சுத்தான். விளையாட்டு முடியட்டும், சொல்கிறேன் என்றாள். அவனோடு வீட்டுக்குத் திரும்புகிறாளா, கிள்ளானில் இருக்கும் அக்கா லூசி வீட்டுக்கே போய்விடுகிறாளா என்பதைத்தான்.

குருவுக்கும் வாணிக்கும் ஒன்றும் தெரியக்கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றிலும் கப்பல் காலி.

ஷான் தன் நீல ஆளை ஏற்றினான். கொள்ளை, வெள்ளி, புள்ளிகள். கை நிறைந்தது.

மூன்றாம் சுற்றில் அவளைச் சீண்டிப் பார்த்தான். அவளுக்கு வாள் வேண்டியிருந்தது. பட்டறையை நோக்கி அவள் கை நீளும்போதே குறுக்கே புகுந்து தன் ஆளை வைத்தான். பழைய ஷார்மைன் என்றால் இந்நேரம் தொடையில் கிள்ளு விழுந்திருக்கும், கூடவே இரண்டு கெட்ட வார்த்தை.

“பரவால்ல. நீயே வச்சிக்கோ.”

எல்ஆர்டி ரயிலில் முன்பின் தெரியாதவர் எழுந்து இடம் கொடுத்தால் அவள் அந்தக் குரலில்தான் பேசுவாள்.

ஆனால் ஆசைக்கு எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளத் தெரியும். விட்டுக்கொடுக்கிறாள் என்றால் கோபம் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்? இத்தனை வருஷம் மறித்தவள் இன்று வழி விடுகிறாள். நாலாம் சுற்று முடிவதற்குள் ஷான் அதை முழுசாக நம்பிவிட்டான். போகிற வழியில் காரை நிறுத்தி அவளுக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கித் தர வேண்டும். அந்த இல்லத்துக்கு நாளைக்கே தானே போன் பண்ண வேண்டும். வேறு குழந்தை இல்லாமலா போய்விடும்?

அவன்தான் ஜெயித்தான். அந்த வீட்டில் அதுவரை ஜெயித்ததே கிடையாது.

குரு எழுந்து வந்து முதுகில் தட்டினான். போனை நீட்டி, சிரிடா மச்சான் என்று படம் எடுத்தான். ஷான் சிரித்தான். ஷார்மைன் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வாணி அடுப்படியிலிருந்து பையோடு வந்தாள். போகும்போது சாப்பாடு கட்டிக் கொடுக்காமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை. எப்போதும் ஷார்மைன் கையில்தான் கொடுப்பாள். இன்று மேசையைச் சுற்றிக்கொண்டு ஷானிடம் வந்தாள்.

“ஆட்டுக்கறி இருக்கு, ஷான். சூடு பண்ணிக்குங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு நாளைக்கு வரும்லா.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். குரு சட்டென்று ஜன்னலைச் சாத்தப் போனான், மழையே இல்லை. ஷார்மைனின் கை அட்டைகள்மேல் அப்படியே நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

ஷான் மேசையைப் பார்த்தான்.

குரு, கட்டிய மனைவிக்கே ஓர் இடத்தை விட்டுக்கொடுக்காதவன். வாணி, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவள். அத்தனை சுற்றிலும் அவர்கள் இருவருடைய ஆட்களும் ஒருமுறைகூடக் கப்பல் பக்கம் வரவில்லை.

ஷான் பையை வாங்கிக்கொண்டான். வாணிக்கு நன்றி சொன்னான். ஷார்மைனிடம் எதுவும் கேட்கவில்லை.

வாசலில் நின்று, அவன் மட்டும் செருப்பை மாட்டினான்.