மாரியாயி மேல் ஒரு வழக்கு

துபாசி கார்த்திகேசு உத்தரவைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மாரியாயி இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஜட்ஜ் அனுமதி தராமல் இனி நீர் ஒரு வழக்கும் போடேலாது. விளங்குதோ?"

நாலு வருஷத்தில் பதினொரு வழக்கு. எல்லாமே புருஷனின் அண்ணன் சபாபதி மேல். அவன் ஆடு கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டது. அவன் மாட்டுவண்டி தண்ணீர்க்குடத்தை இடித்துவிட்டது. போன மாதம், அவளைப் பார்த்துக் காறித் துப்பினான் என்று.

எல்லாவற்றிலும் தோற்றாள். ஒரு நாளும் வருந்தியதில்லை. இன்றைக்குத்தான் வெளியே போகாமல் கார்த்திகேசுவின் மேசையருகே நின்றாள்.

ஒவ்வொரு மனுவிலும் ஒரே சாட்சி, சபாபதி வீட்டுப் பெண் இராஜம்மா. சம்மன் போனால் அவன் அவளை அழைத்து வந்துதான் ஆகவேண்டும். வழக்கைக் கூப்பிடும்வரை அவள் கிள்ளான் கோர்ட்டு வராந்தாவில் மாரியாயி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கூண்டில் ஏறி எதைக் கேட்டாலும் "தெரியாது" என்பாள். உதவாத சாட்சியை எதற்கு இப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள் என்று கார்த்திகேசு தலையில் அடித்துக்கொள்வார்.

"அவங்க எம்மேல கேஸ் போடலாமாங்க?"

"சபாபதிக்கென்ன தடை? தாராளமாகப் போடலாம்."

அவள் தோட்டம் இருந்த மேருவுக்கு ஆறு மைல். பஸ்ஸுக்கு நிற்கவும் பொறுக்காமல் நடந்தாள். தன் லயத்து வீட்டில் நுழைந்து பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு நேரே சபாபதியின் வேலிக்குப் போனாள்.

முற்றத்தில் யாருமில்லை. கத்தியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி வேலியோரமாகவே நடந்துகொண்டிருந்தாள்.

இராஜம்மா குடத்தோடு வெளியே வந்தாள். அதற்குப் பிறகுதான் மாரியாயி வேலியைத் தாண்டினாள். குலை தள்ளியிருந்த வாழையை ஒரே வீச்சில் சாய்த்தாள். அடுத்ததையும்.

"அம்மா, பெரியப்பா பாத்தா போலீசுக்குப் போயிடுவாங்க."

தகப்பன் செத்த வாரமே பெண்ணைக் கொண்டுபோன சபாபதி, தாயை இந்த வாசலில் சேர்த்ததில்லை. அந்த 'அம்மா'வை நாலு வருஷமாகக் கோர்ட்டு வராந்தாவில் மட்டுமே கேட்டிருந்தாள்.

"போகட்டும்," என்றாள் மாரியாயி, மூச்சு வாங்க. "யாரு வெட்டுனதுன்னு நல்லாப் பாத்துக்க தாயி. கோர்ட்டுல ஒன்னயத்தான் கேப்பாங்க."

மூன்றாவது வாழைக்குக் கத்தியை ஓங்கினாள்.