ரிக்கும் காவுக்கும் நடுவில்

“அண்ணா, இந்தச் சுரத்துக்குக் கீபோர்டுல கீயே இல்லையே” என்றாள் எஸ்லின்.

பாடகர் குழுவை நடத்தும் பென்சன், தாளில் ‘ரி’யின் தலையில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்.

“அது ரிக்கும் காவுக்கும் நடுவுல நிக்குது. அம்பு இருந்தா கொஞ்சம் ஏத்திப் பாடணும். கீபோர்டு வேணாம், வெறும் குரல்ல பாடலாம்.”

“கீழ இந்த நீளக் கோடு?”

“அது வேற ஒருத்தரு. அரை நிமிசம் மூச்சு விடாம பிடிப்பாரு. நாமதான் அவரு சுருதிக்குப் போவணும்.”

“அவரை நம்ம சுருதிக்கு வரச் சொல்லுங்க.”

“யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

“ஒத்திகைக்காவது வருவாரா?”

“மாட்டாரு. ஞாயித்துக்கிழமை எட்டரைக்குக் கரெக்டா இருப்பாரு.”

அன்றைக்கு அவர்கள் பாடும் ஓசூர் மாதா கோயிலுக்கு ஆயர் வருகிறார். யாரோ ஒரு தலைக்கனக்காரருக்காக ஆயர் முன்னால் அபசுரம் பாட வேண்டுமா என்று எஸ்லின் முணுமுணுத்தாள். இருந்தாலும் வாரம் முழுக்கப் பாடிப் பழகினாள்.

ஞாயிறு பூசையில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பென்சன் கையை உயர்த்தினார். எஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடித்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. வாராவாரம் பாட்டைக் கெடுக்கும் அதே சங்கு, இன்று தம்பூரா போல அவர்கள் குரலுக்கு அடியில் நின்றது. எஸ்லினுக்கு உடம்பு சிலிர்த்தது.

பூசை முடிந்ததும் ஆயர் கேட்டார். “அந்த அடிக்குரல்காரர் எங்கே? அவரைப் பார்க்கணுமே.”

பென்சன் வாயைத் திறக்குமுன் எஸ்லின் சொன்னாள்: “டூட்டில இருக்காருங்க, ஆண்டவரே.”