அறுபடாத காகித நாடா

"நான் ரொமால்டு பூபாலராயன், வயசு இருபத்துமூணு, ஜப்பான் கரையோரமாப் போற ஒரு சின்ன சுற்றுலாக் கப்பல்ல இருக்கேன்" என்று ரொமால்டு இடது கையிலிருந்த போனிடம் சொன்னான். அது எழுத்தாக்கியது. வீட்டுக்குத்தான் அனுப்புகிறான், ஆனாலும் முதலில் யார் படிப்பார்களோ என்ற பயத்தில் பெயரிலிருந்து தொடங்கினான். வலது கை அவன் வசமில்லை. கப்பல் கடைசியாக நின்ற தீவில் அதை வழியனுப்பும்போது கரையில் நிற்பவர்கள் ஒரு முனையும் கப்பலில் நிற்பவர்கள் மறுமுனையுமாகக் காகித நாடாக்களைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் விலக விலக அவை அறுந்து பறக்கும், பயணிகள் கைதட்டுவார்கள். கப்பல் சமையல்கட்டில் தட்டு கழுவும் வேலையிலிருந்த ரொமால்டையும் கூப்பிட்டு ஒரு சிவப்பு நாடாவைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் விரல்நுனியில் பிடித்திருக்க, அவனோ அப்பாவோடு தூத்துக்குடிக் கடலில் தூண்டில் நரம்பு பிடித்த பழக்கத்தில் சுட்டுவிரலில் இறுகச் சுற்றிக்கொண்டான். "ஏல, அதென்ன சீலா மீனா? விடுல!" என்று சமையல்கட்டு அல்வாரிஸ் அண்ணன் சிரித்துவிட்டு உள்ளே போனார். எல்லா நாடாவும் அறுந்தது. கரையும் மறைந்தது. அவனுடையது மட்டும் விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பல்லால் கடித்தும் கிழியவில்லை. விரல் நீலம் பாரித்துவிட்டது. இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது, சுண்டியது, மறுபடி தளர்ந்தது. மீன் சோர்ந்துபோகட்டும் என்று விட்டுப் பிடிக்கிற கை எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இடுப்பு கைப்பிடிக் கம்பியில் முட்டியது. "யாரு படிச்சாலும் அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்றான். "நம்ம தூண்டில்ல மாட்டித் தப்பிச்ச மீனெல்லாம் என்ன பண்ணித் தப்பிச்சது?"